கணபதி இல்லம் குடும்பக் குழு: ஸ்லீவா, பைபாஸா?

வியாழன், காலை 7.42

முருகன் அத்தான்: கார்த்திக், மதுரை டாக்டர் கொடுத்த மதிப்பீடு இது. ஸ்லீவ் 3,80,000. பைபாஸ் 4,45,000. உன் அக்காளுக்கு எது என்று சனிக்கிழமை போய்ச் சொல்ல வேண்டும். உன் அம்மாவிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே.

முருகன் அத்தான்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வசந்தா சித்தி: படித்துவிட்டேன் மாப்பிள்ளை

வசந்தா சித்தி: செல்விக்கு பைபாஸா? இதயத்திலா??

ராஜம் பெரியம்மா: என்ன பைபாஸ்

ராஜம் பெரியம்மா: செல்வி போனை எடு

கார்த்திக் அண்ணன்: அத்தான் 🤦

செல்வி அக்கா: அம்மா, இதயத்துக்கு ஒன்றுமில்லை. எடை குறைக்க இரைப்பையில் செய்யும் அறுவை சிகிச்சை. உத்திரம் முடிந்து நேரில் சொல்லலாம் என்றிருந்தேன். இப்போது வகுப்பு இருக்கிறது. இடைவேளையில் வருகிறேன்.

வசந்தா சித்தி: நல்ல வயிற்றையா வெட்டப் போகிறார்கள்!

பார்வதி அத்தை: எதிர்வீட்டு கோமு மகள் கொள்ளுக் கஞ்சியிலேயே பாதியாகிவிட்டாள்

கார்த்திக் அண்ணன்: கோமு மகள் 70 கிலோ இருந்தாள். அக்கா 112.

பார்வதி அத்தை: எடையை எல்லாம் குழுவில் போட வேண்டுமா தம்பி

வசந்தா சித்தி: பத்திரிகையில் வந்ததே, எடை குறைக்கப் போய் மேசையிலேயே ஒரு பையன் போய்விட்டான் என்று

ராஜம் பெரியம்மா: காலங்காத்தாலே வாயை வைக்காதே வசந்தா

மணி: சாஸ்தா கோவில் வேன் 17 சீட்டா, 21 சீட்டா? டிரைவர் இன்றே முன்பணம் கேட்கிறார்

சண்முகம் மாமா: அனைவருக்கும் காலை வணக்கம். யாரும் பதற வேண்டாம். ஓய்வு பெறுவதற்கு முன் கடைசி ஆண்டுகளில் நான் காப்பீட்டு கிளெயிம் பிரிவில் இருந்தவன். இத்தகைய கோப்புகள் என் மேசைக்கு வந்தவைதான். எனவே பகுதி பகுதியாக விளக்குகிறேன்.

பகுதி 1. ஸ்லீவ். வயிற்றில் சிறு துளைகள் இட்டு, இரைப்பையை நெடுக்காக ஸ்டேப்ளர் அடித்து வெட்டி, ஏறக்குறைய 80 விழுக்காட்டை வெளியே எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் போல் ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்த வெட்டி எடுத்த பகுதியில்தான். ஆகவே கொள்ளளவு மட்டுமல்ல, பசியும் குறையும். குடலில் கை வைப்பதில்லை. ஆனால் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

கார்த்திக் அண்ணன்: மாமா, ஒலிச் செய்தியாகவாவது அனுப்புங்கள்

மணி: மாமா, வேன்

சண்முகம் மாமா: பகுதி 2. பைபாஸ். இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரிப்பார்கள். சிறுகுடலை வெட்டி ஒரு முனையை அந்தப் பையோடு இணைப்பார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், சோறு அந்த வழியாகப் போகாது. அதன் சுரப்பும் பித்தநீரும் கீழே இன்னோர் இணைப்பில் வந்து சேரும். ஆக, இரண்டு இணைப்பு. சர்க்கரை நோய்க்கு இது மிகவும் கேட்கும். எடை இறங்குவதற்கு முன்பே, சில நாள்களில் சர்க்கரை இறங்கத் தொடங்குவதும் உண்டு.

ராஜம் பெரியம்மா: தம்பி, தலை சுற்றுகிறது

சண்முகம் மாமா: பகுதி 3. மினி பைபாஸ். இதில் இணைப்பு ஒன்றுதான். நேரம் குறைவு. ஆனால் பித்தநீர் மேலே ஏறிவர வாய்ப்பு உண்டு.

நித்யா: பலூனை விட்டுவிட்டீர்களே மாமா 😄

சண்முகம் மாமா: அது பகுதி 4 அம்மா. பலூன் அறுவையே அல்ல. இரைப்பைக்குள் வைத்து உப்புநீர் நிரப்பி, வழக்கமாக ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள். எடுத்தபின் பசி பழையபடி வரும். சிலிகான் பட்டை என்று ஒன்றும் இருந்தது. இப்போது அநேகமாக யாரும் போடுவதில்லை.

பார்வதி அத்தை: பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. இவர் பகுதி 4இல் இருக்கிறார்

காலை 10.35

செல்வி அக்கா: எல்லாவற்றையும் படித்தேன். கொள்ளு, பேலியோ, நடை, எதையும் நான் விட்டுவைக்கவில்லை என்பது இந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 44.9. சர்க்கரைக்கு மாத்திரை போதாமல் இன்சுலின் வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு மாடியில். மணி அடித்தவுடன் ஏறத் தொடங்கினால்தான் பாடத்துக்குப் போய்ச் சேர முடிகிறது. போனதும் வருகைப்பதிவைப் பிள்ளைகளே கூப்பிடட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன். வேண்டுமா வேண்டாமா என்பது முடிந்துபோன பேச்சு. எது என்பதில்தான் குழப்பம்.

ராஜம் பெரியம்மா: கல்யாணத்தின்போது 62 கிலோதான் இருந்தாள். முதல் பிள்ளைக்கு அந்த வீட்டில் ஊற்றிய நெய்

முருகன் அத்தான்: அத்தை, என் அம்மாவை இழுக்க வேண்டாம்

வசந்தா சித்தி: பெண் பார்க்க வந்த அன்று கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கியது யார் வீட்டு ஆள்?

முருகன் அத்தான்: சித்தி, அது நான்தான்

கார்த்திக் அண்ணன்: 😂😂

கார்த்திக் அண்ணன்: அக்கா, வாரம் ஒரு முறை போடும் ஊசி? மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்துவிட்டதே

செல்வி அக்கா: கேட்டேன். நன்றாகக் குறையும், ஆனால் நிறுத்தினால் எடை திரும்பும் என்றார் டாக்டர். மாதாமாதம் அந்தச் செலவுக்கு என் சம்பளம் தாங்காது.

கார்த்திக் அண்ணன்: இரண்டு லட்சம் நான் தருகிறேன். அறுவைக்குத்தான். கடன் இல்லை.

வசந்தா சித்தி: தோப்பு விற்ற பணம் அவளுக்கும் சேர வேண்டியது

ராஜம் பெரியம்மா: தோப்பை இங்கே பேசாதே

வசந்தா சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நித்யா: அக்கா, எண்டோஸ்கோபி எடுத்தார்களா?

செல்வி அக்கா: எடுத்தார்கள். உணவுக்குழாயில் அழற்சி, பி கிரேடு என்று எழுதியிருக்கிறது. இரைப்பை நெஞ்சுப் பக்கம் மேலே துருத்தும் சிறிய ஹெர்னியாவும் இருக்கிறதாம்.

நித்யா: நெஞ்செரிச்சல்?

செல்வி அக்கா: தினமும். படுத்தால் புளிப்பு தொண்டை வரை வருகிறது. இரண்டு தலையணை போட்டுச் சாய்ந்துதான் தூக்கம். ஈனோ பாக்கெட் தலைமாட்டிலேயே இருக்கும்.

நித்யா: அப்படியென்றால் ஸ்லீவ் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தக் குழாயில் அழுத்தம் கூடும். எரிச்சல் இல்லாதவர்களுக்கே பிறகு வருவதுண்டு

சண்முகம் மாமா: ஸ்லீவ்தான் எளிது என்று நான் எழுதவிருந்தேன்

நித்யா: எளிதுதான் மாமா. எரிச்சல் இல்லாதவர்களுக்கு

நித்யா: பின்லாந்தில் 240 பேரை இரு பிரிவாக்கிப் பத்தாண்டு கவனித்தார்கள். எடை இரண்டிலும் குறைந்தது, பைபாஸில் சற்றுக் கூடுதல். உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவில் 31 விழுக்காடு, பைபாஸில் 7

வசந்தா சித்தி: பின்லாந்தில் புளிக்குழம்பு உண்டா?

முருகன் அத்தான்: அப்போது பைபாஸ் என்று முடிவு செய்யலாமா?

நித்யா: பொறுங்கள் அத்தான். அக்கா, முழங்காலுக்கு இன்னும் டைக்ளோஃபினாக் போடுகிறாயா?

செல்வி அக்கா: காலையில் ஒன்று. விழாக் காலத்தில் இரண்டு.

நித்யா: பைபாஸ் செய்தால் அந்த மாத்திரை கூடாது. இணைப்பில் புண் வரும். சில நேரம் இரத்தம் கசியும், ஓட்டைகூட விழும்

செல்வி அக்கா: முழங்காலை என்ன செய்வது?

நித்யா: எடை இறங்கினால் வலியும் பெரும்பாலும் இறங்கும். அதுவரை பாராசிட்டமால். ஆனால் இதை டாக்டரிடம் நீயே சொல்ல வேண்டும். கேஸ் ஷீட்டில் இருக்கிறதா என்று பார்

முருகன் அத்தான்: இவள் சொல்லவில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது சர்க்கரை, தைராய்டு என்று நிறுத்திவிட்டாள்

செல்வி அக்கா: முழங்கால் மாத்திரையை யார் மாத்திரை என்று கணக்கு வைக்கிறார்கள்

நித்யா: அடுத்தது, பைபாஸில் பி12, இரும்பு, கால்சியம் ஆயுள் முழுக்க. ஸ்லீவிலும் வேண்டும், ஆனால் பைபாஸில் தவறவே கூடாது. வருடாவருடம் இரத்தப் பரிசோதனை

முருகன் அத்தான்: தைராய்டு மாத்திரையையே வாரத்தில் இரண்டு நாள் மறப்பாள்

செல்வி அக்கா: போன வாரம் சமையல் கேஸ் புத்தகத்தைத் தொலைத்தவர் பேசுகிறார்

சண்முகம் மாமா: பகுதி 5. பைபாஸ் ஆனவர் இனிப்பை அள்ளிச் சாப்பிட்டால் அது நேரே குடலில் போய் இறங்கும். வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், வயிறு போகும். ஆங்கிலத்தில் இதற்கு டம்பிங் என்று பெயர்.

வசந்தா சித்தி: இருட்டுக்கடை அல்வாவுமா?

நித்யா: அல்வாதான் முதலில்

மணி: அக்கா பங்கு எனக்கு

பார்வதி அத்தை: உத்திரத்துக்குச் சர்க்கரைப் பொங்கல் செல்விதானே வைப்பாள்? அவள் கைப்பக்குவம் வேறு யாருக்கும் வராது

செல்வி அக்கா: வைப்பேன் அத்தை. அதற்குள் அறுவை இல்லை. முதலில் கல்லீரலைச் சுருக்க இரண்டு வாரம் கஞ்சியும் புரத மாவும் என்று ஒரு பத்தியம். அறுவை முடிந்து இரண்டு வாரம் வெறும் திரவம். பிறகு மசித்த உணவு. பரீட்சை முடிந்து மே மாதம்தான் தோது.

ராஜம் பெரியம்மா: அக்கினி நட்சத்திரத்திலா? உடம்பு தாங்குமா?

செல்வி அக்கா: ஜூனில் பள்ளி திறந்துவிடும் அம்மா

ராஜம் பெரியம்மா: ஜோசியரிடம் ஒரு வார்த்தை கேட்கிறேன்

மணி: 21 சீட் சொல்லிவிட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை

வசந்தா சித்தி: ஏசி உண்டா

மணி: கிடையாது

வசந்தா சித்தி: அப்போது நான் பஸ்ஸில் வருகிறேன்

இரவு 8.50

சண்முகம் மாமா: பணம் பற்றி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதிப்படி பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் என்றால் இந்த அறுவைக்குக் காப்பீடு உண்டு. 35இலிருந்து என்றால் கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்ற ஏதாவது ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். டாக்டரின் பரிந்துரைக் கடிதம் அவசியம். ஆக, செல்விக்கு ஒரு தடையும் இல்லை. கார்த்திக் பணத்தைத் தொட வேண்டியதில்லை.

முருகன் அத்தான்: ஒன்று இடிக்கிறது மாமா. 2022 ஆகஸ்டில் பாலிசி எடுத்தபோது விண்ணப்பத்தில் எடை 85 என்று இருக்கிறது

கார்த்திக் அண்ணன்: அப்போது எவ்வளவு?

செல்வி அக்கா: 104

கார்த்திக் அண்ணன்: பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடிவிட்டால் உண்மையை மறைத்தார்கள் என்று கிளெயிமைத் தள்ள முடியாது, மோசடி என்று நிரூபித்தால் தவிர. இன்னும் 60 ஆகவில்லையே

வசந்தா சித்தி: பாலிசி போட்டுக்கொடுத்தது யார்?

முருகன் அத்தான்: மாமாவின் நண்பர். மாமாதான் கூட்டி வந்தார்

வசந்தா சித்தி: ஓ

சண்முகம் மாமா: மணி, வேன் எத்தனை மணிக்குப் புறப்படும்?

கார்த்திக் அண்ணன்: 😂

மணி: அதிகாலை நாலரை மாமா

செல்வி அக்கா: நடந்ததை விடுங்கள். பாலிசி இல்லை என்றாலும் செய்துகொள்வேன். நகைக்கடன் கிடைக்கும். பொய் எடையைக் காட்டிப் பணம் கேட்டு, பாதி வழியில் கோப்பைத் திருப்பி அனுப்பினால் எனக்கு அவமானம். உண்மையை எழுதிக் கொடுப்போம், வந்தால் வரட்டும்.

ராஜம் பெரியம்மா: நகையில் கை வைக்காதே. நான் இருக்கிறேன்

நித்யா: சனிக்கிழமை எத்தனை மணிக்கு அக்கா? எனக்கு இரவுப் பணி. டாக்டர் அறையிலிருந்து வீடியோவில் கூப்பிடு

செல்வி அக்கா: பதினொன்றுக்கு. டைக்ளோஃபினாக்கைச் சொல்கிறேன். ஹெர்னியாவையும் சேர்த்துத் தைப்பார்களா என்று கேட்கிறேன். இப்போதைக்கு மனம் பைபாஸ் பக்கம்தான் போகிறது. சாதாரணமா, மினியா என்பதை அவர் சொல்லட்டும்.

நித்யா: உனக்குப் பித்தநீர் வேறு ஏறினால் கஷ்டம். மினி என்றால் அதைக் கட்டாயம் கேள்

சண்முகம் மாமா: நானும் உடன் வருகிறேன். அவர்களோடு பேசத் தெரிந்த ஒருவர் இருப்பது நல்லது.

கார்த்திக் அண்ணன்: டாக்டருக்கும் பேச ஒரு வாய்ப்புக் கொடுங்கள் மாமா

பார்வதி அத்தை: சனிக்கிழமை இவருக்குக் கண் பரிசோதனை இருக்கிறது

சண்முகம் மாமா: தள்ளிவைக்கலாம்

பார்வதி அத்தை: மூன்று முறை தள்ளியாகிவிட்டது

ராஜம் பெரியம்மா: ஜோசியர் வைகாசி நல்லது என்கிறார்

செல்வி அக்கா: வைகாசி மே மாதம் பாதியில் பிறந்துவிடும் அம்மா

ராஜம் பெரியம்மா: அப்போது சரி. ஆனால் செவ்வாய்க்கிழமை வேண்டாம்

சண்முகம் மாமா: மாப்பிள்ளை, அந்த விண்ணப்பத்தின் நகல் வீட்டில் இருக்கிறதா?

முருகன் அத்தான்: பீரோவில் தேட வேண்டும் மாமா

சண்முகம் மாமா: தேடி எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் வேண்டாம். எடைக் கட்டத்தில் இருப்பது யாருடைய கையெழுத்து என்று மட்டும் பார்க்க வேண்டும்.

வசந்தா சித்தி: நானும் பார்க்க வேண்டும்

பார்வதி அத்தை: தோசை ஆறுகிறது. போனை வைத்துவிட்டு வாருங்கள்