பார்ட்டி அனிமல்ஸ்: அம்மாவோட கோர்கி அவங்க சொல்படி கேட்கலை, தைப்பூசத்துக்குள்ளே சரிபண்ண உதவி வேணும்

தண்ணீர்மலை_வாசி:

வணக்கம். பினாங்கு, ஆயர் ஈத்தாம்ல இருக்கோம். ஹால்ல டிவியோட ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர், அதுல ஸ்டீம்ங்கிற கேம் செயலி வழியா பார்ட்டி அனிமல்ஸ், விலங்குங்க மல்லுக்கட்டுற வீடியோ கேம். நாலு பேரும் ஒரே டிவியில ஆடுவோம். அம்மா கோர்கி நாய்க்குட்டி, மகன் முதலை, மகள் வாத்து, நான் முயல்.

அம்மாவுக்கு வயசு 68. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பக்கவாதம் வந்து வலது கை பலவீனமாயிடுச்சு. இடது கை நல்லா இருக்கு. அதுக்கப்புறம் வீட்டுல யார்கூடவும் அதிகம் பேசாம இருந்தாங்க. ஒருநாள் பிள்ளைங்க ஆடுறதைப் பார்த்துட்டு, "அந்தக் குட்டைக்கால் நாய் யாருது?"ன்னு கேட்டாங்க. அன்னையிலேருந்து அது அவங்க நாய். ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் முதல்ல வந்து உட்கார்றது அவங்கதான்.

போன வாரம் அவங்களுக்குன்னு ஒரு பழைய பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கண்ட்ரோலர் 70 வெள்ளிக்கு வாங்கினேன். இடது கையாலேயே ஆடுற மாதிரி பொத்தான்களை மாத்தலாம்னு ஸ்டீமுக்குள்ளே போய் பிளேஸ்டேஷன் கண்ட்ரோலருக்கான வசதியை ஆன் பண்ணேன். அன்னைக்கே தொல்லை ஆரம்பம். அம்மா எதை அழுத்தினாலும் கோர்கி அசையலை. கொஞ்ச நேரத்துல அதுவா ஓடி மேடையிலேருந்து கீழே விழுது. அதுபோக, நாலு கண்ட்ரோலரும் சேர்ந்தா சில நேரம் அழுத்தினது தாமதமா போய்ச் சேருது.

"என் கைதாம்மா கேட்கலை, நீங்க ஆடுங்க"ன்னு கண்ட்ரோலரை சோபாவுல வச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. கை காரணம் இல்லைன்னு எனக்குத் தெரியும். அதை அவங்க கண்ணால பார்க்கணும். தைப்பூசத்துக்கு அண்ணன் குடும்பம் ஈப்போவிலேருந்து வருது. அதுக்குள்ளே சரியாகணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செந்தூல்_தம்பி:

அக்கா, பழைய கண்ட்ரோலர்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது அனலாக் குச்சியைத்தான், அதாவது விலங்கை நடக்க வைக்கத் தள்ளுற அந்தச் சின்னக் குச்சி. உள்ளே தேய்ஞ்சு போனா, கை வைக்காமலே ஒரு பக்கம் இழுக்கும். விண்டோஸ்ல ரன் பெட்டியைத் திறந்து ஜாய்.சிபிஎல் (joy.cpl)னு தட்டுங்க. கண்ட்ரோலர் பட்டியல் வரும். அம்மாவோடதைத் தேர்ந்தெடுத்து பண்புகளுக்குள்ளே போனா ஒரு கூட்டல் குறி தெரியும். யாரும் தொடாதப்ப அது நடுவுல நிக்குதான்னு பாருங்க.

தண்ணீர்மலை_வாசி:

பார்த்துட்டேன் தம்பி. நடுவுல அசையாம நிக்குது. அம்மாவைக் கூப்பிட்டு இடது கையால சுத்தச் சொன்னேன், குறியும் கூடவே சுத்துது. ஆனா அந்தப் பட்டியல் எனக்குப் புரியலை. எங்க கையில இருக்கறது ரெண்டு பிஎஸ்4, ரெண்டு எக்ஸ்பாக்ஸ். பட்டியல்ல ஆறு இருக்கு!

பட்டர்வொர்த்_அண்ணன்:

அந்த ஆறுதான் விஷயம் தங்கச்சி. ஒரு சோதனை செய்யுங்கள். ஆட்டத்தைத் திறந்து, நாலு விலங்கும் மேடையில் நிற்கும்போது எல்லாரும் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட வேண்டும். பிறகு ஒருவர் மட்டும் எடுத்து நடக்கட்டும். எந்த விலங்கு நடக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து இன்னொருவர். இன்னொரு கேள்வி: பிஎஸ்4 கண்ட்ரோலரை எக்ஸ்பாக்ஸ் போலக் காட்டும் மென்பொருள் எதுவும் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதா?

தண்ணீர்மலை_வாசி:

அண்ணே, செஞ்சு பார்த்தோம். நான் நடந்தா முயல் மட்டும். மகள் நடந்தா வாத்து மட்டும். மகன் நடந்தா முதலையும் கோர்கியும் சேர்ந்தே நடக்குது, ஒரே பக்கமா, ஒரே நேரத்துல குதிக்குது. அம்மா அழுத்தினா ஒண்ணுமே இல்லை.

மென்பொருளைப் பத்திக் கேட்டீங்களே, மகன் வேற ஒரு கேமுக்காக டிஎஸ்4விண்டோஸ் போட்டிருக்கான். கம்ப்யூட்டர் திறந்ததும் அதுவாவே ஓடுமாம். எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.

பட்டர்வொர்த்_அண்ணன்:

அப்படியென்றால் தெளிவாகிவிட்டது. டிஎஸ்4விண்டோஸ் ஒவ்வொரு பிஎஸ்4 கண்ட்ரோலருக்கும் ஒரு போலி எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரை உருவாக்கும். உண்மையான கண்ட்ரோலர் மறையாமல் அங்கேயே இருக்கும். இதுவரை ஸ்டீம் அந்த உண்மையானதைக் கண்டுகொள்ளவில்லை, அதனால் பிரச்சினை இல்லை. போன வாரம் நீங்கள் ஸ்டீமில் அதை ஆன் செய்ததும் ஸ்டீமும் அதைத் தன் பங்குக்கு மாற்றித் தருகிறது. மகன் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆட்டத்துக்கு இரண்டு ஆள் அழுத்தியதாகப் போகிறது. அவன் முதலில் சேர்ந்ததால் இரண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டான். உங்களுக்கும் மகளுக்கும் மற்ற இரண்டு. அம்மாவுக்கு இடமே மிஞ்சவில்லை. கோர்கியை ஓட்டியது உங்கள் மகன், அவனுக்கே தெரியாமல்.

இன்னொன்றும் உண்டு. எக்ஸ்பாக்ஸ் வகைக் கண்ட்ரோலர்களுக்காக விண்டோஸில் இருக்கும் எக்ஸ்இன்புட் முறை 4 கண்ட்ரோலர்களை மட்டுமே ஏற்கும். உங்கள் எக்ஸ்பாக்ஸ் 2, போலி 2 என்று அந்த நாலும் நிறைந்துவிட்டன.

ஆக, ஸ்டீம், டிஎஸ்4விண்டோஸ் என்ற இந்த இரண்டு மொழிபெயர்ப்பாளரில் ஒருவர் போக வேண்டும். அம்மாவுக்குப் பொத்தான் மாற்ற ஸ்டீம் தேவை. ஆகவே டிஎஸ்4விண்டோஸை முழுதாக மூடுங்கள். சன்னலை மூடினால் போதாது, கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்து ஓடிக்கொண்டிருக்கும், அங்கே போய் வெளியேற வேண்டும். கம்ப்யூட்டர் திறக்கும்போது தானாக ஓடும் தேர்வையும் எடுத்துவிடுங்கள். பிறகு மறுபடி திறந்து ஜாய்.சிபிஎல்லில் எண்ணிப் பாருங்கள். அம்மாவை முதலில் சேரச் சொல்லுங்கள்.

அம்மாவின் பொத்தான்களுக்கு என் யோசனை: குத்துவது எல்1, அதாவது கண்ட்ரோலரின் இடது தோளில் உள்ள பொத்தான். பிடித்துத் தொங்குவதற்கு அதே பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், விரல் வலிக்கும். அதனால் அந்தக் கட்டளையை அதற்குக் கீழே உள்ள எல்2-விலும் வைத்து, அதன் அமைப்பில் டாகிள் என்பதை ஆன் செய்யுங்கள். ஒரு தட்டு தட்டினால் பிடிக்கும், மறு தட்டில் விடும். குதிப்பதை இடது குச்சியை உள்ளே அழுத்துவதில் வைக்கலாம். என் அப்பாவுக்கும் இப்படித்தான் செய்து கொடுத்தேன்.

தண்ணீர்மலை_வாசி:

அண்ணே, நன்றி. பட்டியல் நாலாயிடுச்சு. கோர்கி அம்மா சொன்னபடி நடக்குது. மகன்தான் பாட்டி நாயை ஓட்டியிருக்கான்னு தெரிஞ்சதும் அவன் முகம் வாடிடுச்சு. போய்ப் பாட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான்.

ஆனா அந்தத் தாமதம் போகலை. அம்மா கண்ட்ரோலர்லதான் அதிகம். எல்2 தட்டி அரை நொடி கழிச்சுப் பிடிக்குது, அதுக்குள்ளே வாத்து தப்பிச்சுடுது. நான் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன், மோடத்தை அணைச்சுத் திறக்கச் சொன்னாங்க. ஒண்ணும் மாறலை.

சைபர்ஜெயா_சுதா:

ஒரே டிவியில ஆடுறப்ப அம்மாவோட அழுத்தம் வீட்டை விட்டு வெளியே போகவே வேண்டியதில்லை, அதனால இன்டர்நெட்டை விட்டுடுங்க. கண்ட்ரோலருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல இருக்கற மூணு மீட்டரைப் பாருங்க. புளூடூத் டாங்கிள், அதான் கண்ட்ரோலர் சிக்னலை வாங்குற அந்தச் சின்ன யூஎஸ்பி துண்டு, எங்கே சொருகியிருக்கு? பக்கத்துல என்ன இருக்கு?

தண்ணீர்மலை_வாசி:

கம்ப்யூட்டர் பின்னாடி. பக்கத்து ஓட்டையில வெளி ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டரே டிவி அலமாரிக்குள்ளேதான் இருக்கு.

சைபர்ஜெயா_சுதா:

அதுதான்னு நினைக்கிறேன். யூஎஸ்பி 3.0-ல தகவல் ஓடுறப்ப அந்தக் கேபிளும் சொருகுற இடமும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கக்கும். இன்டெல் 2012-லேயே இதை அளந்து ஒரு அறிக்கை போட்டது. புளூடூத்தும் அதே 2.4-லதான் பேசுது. 79 அலைவரிசைக்குள்ளே ஒரு நொடிக்கு 1,600 தடவை தாவித் தாவித் தப்பிக்கப் பார்க்கும், ஆனா இரைச்சல் மொத்தமா மூடினா எங்கே தாவறது? வீட்டு வைஃபையும் 2.4-ல இருந்தா இன்னும் நெரிசல். நாலு கண்ட்ரோலர் சேரும்போது முதல்ல தடுமாறுறது சிக்னல் குறைஞ்ச கண்ட்ரோலர்தான்.

ஹார்டுவேர் கடையில ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு கேபிள் வாங்குங்க. டாங்கிளை அதுல மாட்டி அலமாரிக்கு வெளியே, டிவிக்கு முன்னாடி, சோபாவைப் பார்த்த மாதிரி வைங்க. ஹார்ட் டிஸ்க்கை ஆடுற நேரத்துக்குக் கழட்டிடுங்க. கம்ப்யூட்டர் வைஃபையில இருந்தா 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க. அவசரத்துக்கு, மைக்ரோ யூஎஸ்பி கேபிளால அம்மா கண்ட்ரோலரை நேரா சொருகலாம். சார்ஜ் மட்டும் ஏத்தற கேபிள் உதவாது, தகவலும் போகணும். ஆனா கேபிள் தரையில கிடந்தா அவங்க நடக்கறப்ப கால் தட்டும், அதனால நான் கேபிளைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

செந்தூல்_தம்பி:

டிவியில கேம் மோட் ஆன் பண்ணியிருக்கீங்களா அக்கா? படத்தை அழகுபடுத்தற வேலையை டிவி விட்டுடும், அதுலயே கொஞ்சம் தாமதம் குறையும்.

தண்ணீர்மலை_வாசி:

எல்லாம் செஞ்சாச்சு. நீட்டிப்பு கேபிள் 8 வெள்ளி. டாங்கிள் இப்ப டிவிக்கு முன்னாடி, சாமி படத்துப் பக்கத்துல இருக்கு. கேம் மோட் ஆஃப்ல இருந்துச்சு தம்பி, போட்டுட்டேன்.

நேத்து ராத்திரி அம்மா வர மாட்டேன்னாங்க. மகன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தான். "பாட்டி, நான் கண்ட்ரோலரைக் கீழே வச்சுட்டேன், நீங்க மட்டும் நடங்க"ன்னான். நாங்க மூணு பேரும் கையைத் தூக்கிக் காட்டினோம். நீர்மூழ்கிக் கப்பல் மேடை. கோர்கி நாலு அடி நடந்து நின்னுச்சு. திரும்புச்சு. குதிச்சுச்சு. அம்மா டிவியைப் பார்க்கலை, தன்னோட இடது கையையே பார்த்துட்டிருந்தாங்க. அப்புறம் நிமிர்ந்து, "முதலை எங்கே?"ன்னாங்க. எல்2-வைத் தட்டி முதலையோட வாலைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்த் தண்ணியில போட்டாங்க.

இன்னும் ஒரு சந்தேகம். அண்ணன் பிள்ளைங்க மூணு பேர். சேர்ந்தா ஏழு பேர். எல்லாரும் ஒரே ஆட்டத்துல இருக்க வழி இருக்கா?

பட்டர்வொர்த்_அண்ணன்:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது தங்கச்சி. இந்த ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு 8 பேர் வரை சேரலாம், ஆனால் ஒரே டிவியில் ஏழு பேர் முடியாது. அண்ணனிடம் ஆட்டம் வாங்கிய லேப்டாப் இருந்தால் நீங்கள் ஒரு தனி அறை திறந்து அவர்களை அழைத்துப் பாருங்கள். இல்லையென்றால் நாலு நாலு பேராக மாற்றி மாற்றி ஆடுங்கள். அம்மாவின் கண்ட்ரோலரை மட்டும் யாரிடமும் மாற்றிக் கொடுக்காதீர்கள், அந்தப் பொத்தான் அமைப்பு அதற்கென்றே செய்தது. சேமித்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்மலை_வாசி:

அண்ணன்கிட்டே லேப்டாப் இருக்கு, கேட்கிறேன். அமைப்பைச் சேமிச்சுட்டேன். பேர் "அம்மா".