கான்ஃபரன்ஸ் கலைந்தபோது நீங்கள் எந்த ஊரில் இருந்தீர்கள்? காலேஜ் ஃபுட்பால் அனுபவங்கள்

கோதுமைக்காடு (புல்மன், வாஷிங்டன்)

அமெரிக்க மேற்குக்கரைக் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பான பேக்-12 உடைந்த கதையைப் பெருநகரத்துப் பத்திரிகைகள் எழுதி ஓய்ந்துவிட்டன. படிப்புக்கும் ஆய்வுக்கும் வேலைக்கும் நம்மாட்கள் போய்ச் சேர்ந்த ஊர்கள் பல, அந்தக் கதையில் கைவிடப்பட்ட ஊர்கள். அங்கே கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். தீவிர ரசிகராக இருக்க வேண்டும் என்றில்லை. வந்த புதிதில் டச்டவுனுக்கு எத்தனை புள்ளி என்றே எனக்குத் தெரியாது.

விஷயம் தெரியாதவர்களுக்கு: இங்கே கல்லூரி அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடும். டிவி உரிமையைக் கான்ஃபரன்ஸ் மொத்தமாக விற்றுப் பங்கு பிரிக்கும். 2022 ஜூன் கடைசி நாளில் கலிஃபோர்னியாவின் யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பேக்-12ஐ விட்டுப் பிக் டென் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த ஜூலையில் கொலராடோ கிளம்பியது. 2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை, ஒரே நாளில் ஐந்து: ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனாவும் அரிசோனா ஸ்டேட்டும் யூட்டாவும் பிக் 12க்கு. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரையின் ஏசிசியில் சேர்ந்தன. பன்னிரண்டில் மிச்சம் இரண்டு. கார்வாலிஸில் ஓரிகன் ஸ்டேட், எங்கள் ஊரில் வாஷிங்டன் ஸ்டேட்.

ஆட்டத்தில் தோற்று நாங்கள் வெளியேறவில்லை. அந்த ஆகஸ்ட் முடிந்து சில நாட்களில் விஸ்கான்சின் இங்கே வந்து 31-22 என்று தோற்றுப் போனது. அவர்கள் பிக் டென் அணி. மாணவர்கள் மைதானத்துக்குள் ஓடி ஆடிய ஆட்டத்தில், எங்களை வேண்டாம் என்றவர்களை அடித்துவிட்டோம் என்ற கோபமும் சேர்ந்திருந்தது. எங்கள் குறை ஒன்றுதான்: எங்களைச் சுற்றி டிவி பார்க்கும் வீடுகள் குறைவு. புல்மனின் மக்கள்தொகையும் ஸ்டேடியத்தின் இருக்கைகளும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை, 33,000. ஊரைத் தாண்டினால் கோதுமை வயல், மைசூர்ப் பருப்பு வயல், கொண்டைக்கடலை வயல். (ஆகஸ்டில் பருப்புக்கே திருவிழா நடத்தும் ஊர் இது. சாம்பார் மட்டும் யாரும் வைப்பதில்லை.)

என் மனைவி அப்போது ஒரு மோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு வருஷாவருஷம் ஆடும் ஆப்பிள் கப், அப்போதெல்லாம் நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் வரும், ஒரு வருஷம் சியாட்டிலில், ஒரு வருஷம் இங்கே. இங்கே என்றால் அறைகள் முந்தைய வருஷமே பதிவாகிவிடும், வாடகை மூன்று மடங்கு. அவர்கள் பிக் டென் போன பிறகு அந்த ஆட்டம் செப்டம்பருக்கு நகர்ந்தது. 2024ல் அது எங்கள் முறை, ஆனால் நடந்தது சியாட்டிலின் லூமென் ஃபீல்டில். அங்கே இருக்கை அதிகம், டிக்கெட் காசும் அதிகம். கல்லூரியின் கணக்குப்படி சரி. மோட்டலின் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

ஐந்து மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு அந்த ஆட்டத்துக்குப் போனோம். கடைசி நிமிடங்களில் கோட்டுக்கு ஒரு கெஜத்தில் அவர்களை நிறுத்தி 24-19 என்று ஜெயித்தோம். இரவு காபி குடித்துக்கொண்டே திரும்பி ஓட்டியது இன்னும் உடம்பில் இருக்கிறது.

அப்புறம் ஆட்கள். கேம் வார்ட் என்ற ஆட்டக்காரர் சான் அன்டோனியோவின் ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து 2022ல் இங்கே வந்தவர். 2024ல் மயாமிக்குப் போனார். தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் 2025 தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். அடுத்து வந்த ஜான் மட்டீர் ஓக்லஹோமாவுக்குப் போய்விட்டார். பயிற்சியாளர் ஜேக் டிக்கர்ட் 2024 டிசம்பரில் வேக் ஃபாரஸ்ட் போனார், அவர் இடத்துக்கு வந்த ஜிம்மி ராஜர்ஸ் ஒரே சீசன் இருந்துவிட்டு அயோவா ஸ்டேட் போனார். இங்கே வளர்த்து அங்கே அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

எட்டுமைல் (மாஸ்கோ, ஐடஹோ)

கோதுமைக்காடு அண்ணா, உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் வந்துவிடலாம் என்ற தூரத்தில் நாங்கள் இதையெல்லாம் முன்பே பட்டுவிட்டோம். அதை உங்கள் ஊரில் யாரும் பேசவே மாட்டார்கள்.

ஐடஹோ பல்கலைக்கழகமும் ஒரு காலத்தில் உங்களோடு அதே பசிபிக் கரைக் கான்ஃபரன்ஸில் இருந்தது. 1959ல் அது கலைந்தபோது கலிஃபோர்னியாக்காரர்களும் சியாட்டிலும் புதிதாக ஒன்றை ஆரம்பித்தார்கள், பின்னாளில் பேக்-12 ஆனது அதுதான். உங்களை 1962ல் சேர்த்துக்கொண்டார்கள், இரண்டு ஓரிகன்களையும் 1964ல். எங்களைக் கடைசிவரை கூப்பிடவில்லை. 2023ல் உங்களுக்கு வந்தது எங்களுக்கு அறுபது வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் அணி பட்ட பாடு ஒரு பெரிய பட்டியல். 1996ல் பிக் வெஸ்ட் கான்ஃபரன்ஸில் சேர்ந்தது, அவர்கள் 2000க்குப் பிறகு ஃபுட்பாலையே நிறுத்தினார்கள். அப்புறம் சன் பெல்ட். அப்புறம் டபிள்யூஏசி, அதுவும் 2012 சீசனோடு ஃபுட்பாலை மூடியது. ஒரு வருஷம் எந்தக் கூட்டமைப்பும் இல்லாமல் தனியாக. மறுபடி சன் பெல்ட். நான் வந்து சேர்ந்தது அந்தக் காலத்தில். சன் பெல்ட்டின் தலைமையகம் நியூ ஆர்லியன்ஸில். எதிரணிகள் அலபாமாவிலிருந்தும் ஜார்ஜியாவிலிருந்தும் வரும். கிப்பி டோம் என்ற எங்கள் கூரை போட்ட அரங்கில் மொத்தமே 16,000 பேர் உட்காரலாம், அதுவும் நிறையாது. எதிரணி ரசிகர் என்று ஒருவரைப் பார்ப்பதே அபூர்வம். அவ்வளவு தூரம் யார் வருவார்கள்?

2016ல் சன் பெல்ட் எங்களையும் நியூ மெக்சிகோ ஸ்டேட்டையும் இனி வேண்டாம் என்றது. சில வாரங்களில் எங்கள் கல்லூரி தானாகவே ஒரு படி இறங்கி, 2018 முதல் கீழ்ப் பிரிவான எஃப்சிஎஸ்ஸில் ஆடுவதாக அறிவித்தது. மேல் பிரிவிலிருந்து அப்படித் தானாக இறங்கிய முதல் கல்லூரி நாங்கள்தான். முழு உதவித்தொகை இடங்கள் 85லிருந்து 63ஆகும் என்ற நிலை. பழைய மாணவர்கள் கொதித்தார்கள். ஐடஹோவிலேயே பிறந்து வளர்ந்த என் துறைத் தோழர் ஒருவர், இனி நன்கொடை ஒரு சென்ட் கிடையாது என்று பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போட்டார். இதில் வேடிக்கை, இறங்குகிறோம் என்று அறிவித்த அதே சீசனில் அணி பிரமாதமாக ஆடி, டிசம்பரில் பாய்சியில் நடந்த பொட்டேட்டோ பவுல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் கொலராடோ ஸ்டேட்டை 61-50 என்று ஜெயித்தது.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். இறங்கி பிக் ஸ்கை கான்ஃபரன்ஸில் ஆட ஆரம்பித்ததும், காரில் வரக்கூடிய தூரத்திலிருந்து எதிரணிகள் வந்தன. மொன்டானா வந்தால் அவர்கள் ஆட்களே ஆயிரக்கணக்கில் வந்து சாப்பிட்டு, கத்தி, சண்டை போட்டுவிட்டுப் போவார்கள். 2022, 2023, 2024 மூன்று வருஷமும் எஃப்சிஎஸ் பிளேஆஃப் போனோம். கடிதம் போட்ட தோழர் இப்போது சீசன் டிக்கெட் வாங்குகிறார். பழைய கோபம் பற்றிக் கேட்டால், பேச்சை மாற்றி வானிலை பற்றிச் சொல்வார்.

2025 ஆகஸ்ட் 30ல் உங்கள் ஸ்டேடியத்துக்கு வந்து 13-10 என்று தோற்றோம். மூன்றே புள்ளி, அண்ணா.

நனைந்தசட்டை (கார்வாலிஸ், ஓரிகன்)

எங்கள் ஸ்டேடியத்தின் மேற்குப் பக்கத்தை இடித்து 16 கோடி டாலருக்கு மேல் செலவு செய்து புதிதாகக் கட்டினார்கள். திறந்தது 2023 செப்டம்பரில். கான்ஃபரன்ஸ் உடைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பிக் டென்காரர்களே பொறாமைப்படும் கட்டடம், ஆனால் அடுத்த வருஷம் அதில் யாரோடு ஆடுவது என்று தெரியாது.

வழக்கு பற்றி இங்கே யாரும் எழுதவில்லை. பேக்-12 இனி யாருடையது என்பதுதான் கேள்வி. போகிற பத்துப் பேரும் ஓட்டுப் போட்டுக் கான்ஃபரன்ஸைக் கலைத்துப் பணத்தைப் பிரித்துக்கொண்டால் எங்கள் இருவருக்கும் எதுவும் மிஞ்சாது. புல்மன் பக்கத்தில் கோல்ஃபாக்ஸ் என்ற சிற்றூர் நீதிமன்றத்தில் 2023 நவம்பர் 14ல் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. போகிறவர்களுக்கு நிர்வாகத்தில் ஓட்டு இல்லை என்றார் நீதிபதி. மாநில உச்ச நீதிமன்றம் டிசம்பரில் தலையிட மறுத்தது. பிறகு சமரசம், போனவர்கள் மொத்தம் 6.5 கோடி டாலர் விட்டுக்கொடுத்தார்கள். என் ஆய்வகத்தில் தீர்ப்பு வந்த அன்று மதியம் யாரும் வேலை செய்யவில்லை. ஃபுட்பாலே பிடிக்காத பேராசிரியர்கூட நேரலையைத் திறந்து வைத்திருந்தார்.

பணம் வந்தது, ஆட ஆள்தான் இல்லை. 2024ல் மவுன்டன் வெஸ்ட் என்ற கான்ஃபரன்ஸின் அணிகளோடு ஆறு ஆட்டம் ஆட ஏற்பாடு ஆனது, இரண்டு கல்லூரிக்கும் சேர்த்து 1.4 கோடி டாலர் கொடுத்து. 2025ல் அந்த ஏற்பாடும் இல்லை. ஒரே மாதத்தில் புல்மனோடு இரண்டு முறை மோதினோம். நவம்பர் 1ல் இங்கே 10-7 என்று நாங்கள் ஜெயித்தோம், 29ல் அங்கே 32-8 என்று உதை வாங்கினோம். தனியாக விடப்பட்ட இருவர் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டதைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது.

ஃபுட்பாலுக்கு வெளியேதான் எனக்கு அதிக வருத்தம். கான்ஃபரன்ஸ் மாற்றம் என்று எல்லோரும் ஃபுட்பாலைப் பேசுகிறார்கள், அதோடு எல்லா விளையாட்டும் இழுபட்டுப் போகிறது. கூடைப்பந்து அணிகள் வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் இரண்டு வருஷம் ஒண்டிக்கொண்டன. பேஸ்பால் அணிக்கு 2025ல் கான்ஃபரன்ஸே கிடையாது. சீசன் முழுக்க ஊர் ஊராகப் பறந்து ஆடினார்கள். அந்த அணியில் இருந்த ஒரு பையன் என் புள்ளியியல் வகுப்பில் இருந்தான். வீட்டுப்பாடம் ஒவ்வொரு வாரமும் வேறொரு விமான நிலையத்திலிருந்து வரும். அப்படியும் ஒமாஹாவில் நடக்கும் காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் வரை போனார்கள்! புல்மனில் 2025 ஜூனில் தடகளத்தில் எறிதல், தாண்டுதல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, குறுந்தூர ஓட்டத்தையும் குறைத்து, நெடுந்தூர ஓட்டத்தையே பிரதானமாக வைத்துக்கொண்டார்கள். அதைக் கோதுமைக்காடு சொல்லாமல் விட்டுவிட்டார்.

7220அடி (லாரமி, வயோமிங்)

எல்லோருக்கும் வணக்கம். மேலே எழுதியதெல்லாம் உண்மை, வருத்தமும் நியாயம். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். 2024 செப்டம்பரில் உங்கள் பேக்-12 என்ன செய்தது? ஆட இடமில்லாதபோது ஆட்டம் கொடுத்த மவுன்டன் வெஸ்ட்டிலிருந்தே பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் நான்கையும் இழுத்துக்கொண்டது. இரண்டு வாரத்துக்குள் யூட்டா ஸ்டேட். அப்படி ஆள் இழுத்தால் அபராதம் என்று உங்களோடு போட்ட ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஐந்து அணிக்கு 5.5 கோடி டாலர். கையெழுத்துப் போட்டுவிட்டு, அது செல்லாது என்று வழக்கும் போட்டீர்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

இதில் நாங்கள் இழந்தது கொலராடோ ஸ்டேட்டை. ஃபோர்ட் காலின்ஸ் இங்கிருந்து 65 மைல். அவர்களோடு ஆடும் ஆட்டத்துக்குப் பரிசு, வெண்கலம் பூசிய ஒரு ராணுவ பூட்ஸ், வியட்நாம் போரில் உண்மையாகவே ஒருவர் போட்டிருந்தது. 1968லிருந்து அதற்காகச் சண்டை. ஆட்டத்துக்கு முன் ராணுவப் பயிற்சி மாணவர்கள் பந்தை நெடுஞ்சாலையில் ஓடியே கொண்டுபோய் மாநில எல்லையில் கைமாற்றுவார்கள். நான் காரில் அவர்களைத் தாண்டிப் போயிருக்கிறேன். பனிக்காற்று முகத்தில் அடிக்க அந்தப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்தால் ஹாரன் அடிக்காமல் யாரும் போக மாட்டார்கள். 2026 முதல் நாங்கள் வேறு வேறு கான்ஃபரன்ஸ்.

கோதுமைக்காடு

தடகளம் பற்றி எழுதாதது வேண்டுமென்றேதான், நனைந்தசட்டை. எழுதினால் அது மட்டுமே நீளும்.

லாரமி நண்பருக்கு: குற்றம் ஒத்துக்கொள்ளத்தக்கது. ஆனால் உங்கள் மவுன்டன் வெஸ்ட் எப்படிப் பிறந்தது? 1998ல் பதினாறு அணி இருந்த டபிள்யூஏசியிலிருந்து எட்டுக் கல்லூரிகள் ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டு கழன்றன. அந்த எட்டில் வயோமிங்கும் உண்டு. நீங்கள் அன்று கைவிட்டு வந்த அணிகளில் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டும் ஒன்று. இப்போது உங்களை விட்டுப் போகிறவர்களும் அவர்களே. இதில் கை சுத்தமானவர் எட்டுமைல் ஒருவர்தான், அவர்களுக்குத் தள்ளிவிடக் கீழே ஆள் இல்லை.

7220அடி

சரி, அந்த எட்டில் நாங்களும் உண்டு. அப்போது நான் திருநெல்வேலியில் மூன்றாம் வகுப்பு, என்னை விட்டுவிடுங்கள்.

ஆற்றங்கரை (சான் மார்கஸ், டெக்சஸ்)

இங்கே எல்லோரும் அழுகிறீர்கள், நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம். டெக்சஸ் ஸ்டேட் மேல் பிரிவுக்கு வந்ததே 2012ல்தான். 2025 ஜூன் 30ல் பேக்-12ல் சேர முடிவெடுத்தார்கள். அந்தத் தேதிக்குக் காரணம் உண்டு. மறுநாள் ஆகியிருந்தால் சன் பெல்ட்டுக்குக் கட்ட வேண்டிய வெளியேற்றத் தொகை 50 லட்சம் டாலரிலிருந்து இரட்டிப்பாகியிருக்கும். அன்று ஊரில் எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. முடிவெட்டப் போன இடத்தில், கார்வாலிஸ் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார்கள். எனக்கும் வரைபடம் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

எங்கள் இடத்தை நிரப்ப சன் பெல்ட் லூசியானா டெக்கை எடுக்கிறது. அவர்கள் இருந்த கான்ஃபரன்ஸ் யுஎஸ்ஏ ஏற்கெனவே கீழ்ப் பிரிவிலிருந்து டெலவேரையும் மிசௌரி ஸ்டேட்டையும் ஏற்றிக்கொண்டது. அப்படி ஏறுவதற்கான கட்டணம் முன்பு 5,000 டாலர், 2023ல் அதை 50 லட்சமாக்கினார்கள். அப்படியும் வரிசை நிற்கிறது. எட்டுமைல் சொன்னதை அந்த வரிசையில் இருப்பவர்கள் படித்தால் தேவலாம்.

2026 சீசனில் புல்மனுக்கு ஒருமுறை வர ஆசை. எப்படி வருவது, எங்கே தங்குவது?

கோதுமைக்காடு

வாருங்கள். ஊரிலேயே சின்ன விமான நிலையம் உண்டு, டிக்கெட் விலை பார்த்துப் பயந்தால் ஸ்போகேனில் இறங்குங்கள், 75 மைல், கார் வாடகைக்கு எடுங்கள். அறை இந்நேரம் நிறையவே கிடைக்கும். நவம்பர் என்றால் டெக்சஸ் ஜாக்கெட் போதாது. கல்லூரியே தயாரித்து டின்னில் அடைத்து விற்கும் கூகர் கோல்டு சீஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியில் கனக்கும். எட்டுமைலும் வரட்டும், சாப்பாடு எங்கள் வீட்டில்.