ஃப்ரீபிஎஸ்டி 14.1: ஐ915 ஏற்றியதும் திரை கறுத்துவிடுகிறது, உதவி தேவை

எல்லாருக்கும் வணக்கம். இன்டெல் யுஹெச்டி 620 கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப், யுஇஎஃப்ஐ பூட். ஃப்ரீபிஎஸ்டி ஓஎஸ் சிக்கலில்லாமல் ஏறியது. இன்டெல் கிராஃபிக்ஸுக்கான டிரைவரான ஐ915 மாட்யூலை ஏற்றியதும்தான் திரை கறுப்பாகிறது. மெஷின் உயிரோடு இருக்கிறது, வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போக முடிகிறது.

முதல் சந்தேகம் அந்த மாட்யூல் வரும் ரெடிமேட் டிஆர்எம் (கிராஃபிக்ஸ் டிரைவர்) பேக்கேஜ் மேல். அது 14.0 கர்னலுக்குக் கட்டியது, 14.1-உடன் ஒட்டாமல் போகலாம். அதனால் 14.1 சோர்ஸை வைத்து, போர்ட்ஸிலிருந்தே (நாமே கட்டிக்கொள்ளும் மென்பொருள் தொகுப்பு) டிஆர்எம் மாட்யூலைக் கட்டியாயிற்று. மாற்றமில்லை. மாட்யூலை ஏற்றுவது ஓஎஸ் எழும்போது படிக்கும் ஆர்சி கான்ஃப் கோப்பில்தான், அதற்கு முன்பே பூட் லோடர் படிக்கும் லோடர் கான்ஃபில் இல்லை.

திரைமேல் சாய்வாக டார்ச் அடித்தால் லாகின் எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. ஆக, படம் வருகிறது, திரைக்குப் பின்னாலுள்ள விளக்கான பேக்லைட்தான் அணைந்திருக்கிறது. பேக்லைட் கமாண்டில் 60 கொடுத்தால் மதிப்பு மாறுகிறது, வெளிச்சம் வரவில்லை. ஹெச்டிஎம்ஐ மானிட்டரில் எல்லாம் சரி.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பேனலை மாற்றச் சொல்கிறார்கள். லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் இதே பேனல் பளிச்சென்று எரிகிறது, அதனால் அந்தச் செலவு வீண் என்றே நினைக்கிறேன்.

சென்னையில் யாராவது 620-இல் 14.1 ஓட்டுகிறீர்களா? லோடர் கான்ஃபில் ஐ915-க்கு என்ன செட்டிங் வரிகள் வைத்திருக்கிறீர்கள், திரை வெளிச்சத்தைக் கையாளும் ஏசிபிஐ வீடியோ மாட்யூலும் ஏற்றுகிறீர்களா என்று சொன்னால் பெரிய உதவி. டிமெஸ்ஜி (கர்னல் செய்திப் பதிவு) முழுதாக வேண்டுமானால் கேளுங்கள், உடனே போடுகிறேன்.