பிட்காயினைப் பூட்டி வைத்தால் இன்னொரு சங்கிலி எப்படிப் பாதுகாப்பாகும்?

கேள்வி:
பிட்காயினோடு இணைந்த தனிச் சங்கிலியான (பிளாக்செயின்) லிக்விட் சைட்செயினில், அதை நடத்தும் கூட்டமைப்பின் 15 பேரில் 11 பேர் கையெழுத்திட்டால் பிட்காயின் வெளியே போகும். அந்தக் கூட்டமைப்பை நம்பித்தான் ஆகவேண்டும். ரோனின் என்ற இன்னொரு சங்கிலியில் 2022 மார்ச்சில் 9 சாவிகளில் 5 திருடர்கள் கைக்குப் போய், 60 கோடி டாலருக்கு மேல் காணாமல் போனது. இப்போது பேபிலான் என்ற திட்டத்தில் காயினை பிட்காயின் சங்கிலியிலேயே டைம்லாக் (குறித்த காலம்வரை எடுக்க முடியாத பூட்டு) போட்டு ஸ்டேக் செய்யலாம் (பிணையாக வைக்கலாம்) என்கிறார்கள். காயின் ஒரு இடத்தில் சும்மா கிடக்கிறது. அது இன்னொரு சங்கிலியை எப்படிக் காக்கும்?

பதில் 1:
நண்பரே, நான் ஒரு சிறிய ஸ்டேக்கிங் சங்கிலியில் வேலிடேட்டர் (பிளாக்குகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் கணினி) நடத்துகிறேன். பூட்டு மட்டும் எதையும் காக்காது. பூட்டியிருக்கும்போது தப்பு செய்தால் காசு பறிபோகும் என்ற பயம்தான் காக்கும். பேபிலானையே பாருங்கள்: 2024 ஆகஸ்டில் முதல் கட்டம் திறந்ததும் 1,000 பிட்காயின் வரம்பு சில மணி நேரத்தில் நிரம்பிவிட்டது. காக்கவேண்டிய சங்கிலியோ 2025 ஏப்ரலில்தான் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் பூட்டு இருந்தது, அதனால் எந்தச் சங்கிலிக்கும் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

பிட்காயினில் செலவு விதிகளை எழுதும் ஸ்கிரிப்டுக்கு வேறு சங்கிலியில் நடப்பது எதுவும் தெரியாது. அப்புறம் எப்படித் தண்டிப்பது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பிட்காயினில் பயன்படும் ஷ்னோர் கையொப்பத்தில் ஒரே நான்ஸை (ஒருமுறை மட்டும் பயன்படுத்தவேண்டிய ரகசிய எண்) வைத்து இரண்டு வெவ்வேறு செய்திகளுக்குக் கையெழுத்திட்டால், அந்த இரண்டையும் வைத்துத் தனிச்சாவியைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். அதனால் ஒவ்வொரு பிளாக் உயரத்துக்கும் எந்த நான்ஸ் என்று முன்பே உறுதி தரச் சொல்கிறார்கள். ஒரே உயரத்தில் இரண்டு பிளாக்குகளுக்குக் கையெழுத்திட்டவரின் சாவி எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஸ்டேக் செய்தவர் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுத்த ஸ்லாஷிங் (தண்டனை) பரிவர்த்தனையை அந்தச் சாவியால் முழுமையாக்கி, காசின் ஒரு பகுதியை எரிக்கலாம்.

முக்கியமான விஷயம்: கையெழுத்திடும் பொறுப்பை நீங்கள் வேறொருவருக்கு டெலிகேட் செய்திருந்தால் (ஒப்படைத்திருந்தால்), அவர் செய்த தப்புக்கு உங்கள் காயின்தான் போகும். வட்டியைப் பார்க்கும் முன் அவர் சாவியை எப்படி வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். பேக்கப் என்று அதே சாவியோடு இரண்டு சர்வர்களை ஒரே நேரத்தில் ஓடவிடுபவர் பக்கமே போகாதீர்கள்.

பதில் 2:
எரிக்கிற காசு எரியத்தான் செய்யும் என்று யார் உறுதி தருவது? பிட்காயினில் காசு எங்கே போகவேண்டும் என்று கட்டுப்படுத்தும் கவனென்ட் வசதி கிடையாதே!

பதில் 1:
சரியான கேள்வி. அதற்காகத்தான் ஒரு கவனென்ட் குழு கூடவே கையெழுத்திடுகிறது. உங்கள் கையெழுத்து இல்லாமல் அவர்களால் காயினை எடுக்க முடியாது. சீக்கிரம் வெளியேற அவர்கள் கையெழுத்து தர மறுத்தாலும், பூட்டின் காலம் முடிந்ததும் காயின் உங்களுக்கே வந்துவிடும். முதல் கட்டத்தில் அந்தக் காலம் 64,000 பிளாக், ஏறக்குறைய 15 மாதம். ஆனால் குழுவில் போதுமான பேர் ஸ்டேக் செய்தவரோடு கூட்டு சேர்ந்தால், அவர் தண்டனையிலிருந்து தப்பித்துவிடலாம். நம்பிக்கை குறைந்திருக்கிறது, முழுசாகப் போய்விடவில்லை.

கேட்டவர்:
முன்கூட்டியே வெளியேறினால் முதல் கட்டத்தில் 1,008 பிளாக், அதாவது ஒரு வாரம் காத்திருக்கச் சொன்னார்களே, அது எதற்கு?

பதில் 1:
இரட்டைக் கையெழுத்து அடுத்த நிமிடமே எல்லார் கண்ணிலும் படாது. அது வெளிவரும்வரை காசு பிடியில் இருக்கவேண்டும். உடனே கைக்கு வந்துவிட்டால், இழக்க எதுவும் இல்லாத பழைய சாவிகளை வைத்து வேறொரு வரலாற்றையே எழுதிவிடலாம்.

பதில் 3:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்லாஷிங் பிடிப்பது இரட்டைக் கையெழுத்தை மட்டும்தான். சங்கிலிகளுக்கிடையே காசை மாற்றும் பிரிட்ஜின் நிரலில் ஓட்டை இருந்து அதன் வழியாகக் காசு போனால், எவ்வளவு பிட்காயின் ஸ்டேக்கில் இருந்தாலும் தடுக்காது. ரோனினில் போனதும் பிரிட்ஜில் இருந்த காசுதான்.