புதுப்பிப்பு: செய்போ பூத்துவிட்டது

கலிபோர்னியாவின் சான் டியேகோவில் உள்ள வீட்டில் வைத்த செய்போ என்ற பூமரம் தழைக்கிறதே தவிர பூக்கவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தண்ணீரைக் குறைத்ததில் பலன் தெரியவில்லை. கை கொடுத்தது கவாத்துதான். நம் கல்யாண முருங்கைக்கு உறவான இந்த அர்ஜென்டினா தேசிய மலர், புதுக் கிளை நுனியில்தான் பூக்கும். குளிர்காலக் கடைசியில் போன வருடக் கிளைகளை ஒரு சாண் விட்டு வெட்டினேன். கோடைத் தொடக்கத்தில் செக்கச்செவேலென்று கொத்துக் கொத்தாகப் பூ!

‘அன்னா’ என்ற வகை ரீங்காரச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) தினமும் வருகிறது. பூ தலைகீழாக அமைந்திருப்பதால், தேன் குடிக்கும்போது அதன் நெற்றியில் மகரந்தம் அப்பிக்கொள்கிறது. அவ்வளவு அழகு!

அப்புறம், நான் எதிர்பாராதது: இலைக்காம்பில்கூட முள். வெட்டும்போது கையுறை அவசியம். விதையில் நச்சு உண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் காய்களைப் பறித்துவிடுங்கள்.