சென்னை – போர்ட் பிளேர்: 1 மணி 40 நிமிடமா, 2 மணி 15 நிமிடமா?

தேரடி_மகள்:
ஜனவரியில் அம்மாவை போர்ட் பிளேர் அழைத்துப் போகிறேன். தம்பிக்கு அங்கேதான் வேலை. அம்மாவுக்கு மூட்டுவலி, அதிக நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. இணையத்தில் தூரக் கணக்கு பார்த்தால் 1,370 கிலோமீட்டர், 1 மணி 40 நிமிடம் என்று வருகிறது. டிக்கெட்டிலோ 2 மணி 15 நிமிடம். எதை நம்பி அம்மாவிடம் சொல்வது? விமானம் காலை 6 மணிக்கு. திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறினால் சரியாக இருக்குமா?

ராயபுரம்_மாலுமி:
டிக்கெட்டில் இருப்பதையே சொல்லும்மா. இணையக் கணக்கு நேர்க்கோட்டுத் தூரத்தை விமானத்தின் முழு வேகத்தால் வகுத்துவிடுகிறது. மீனம்பாக்கத்தில் நகர ஆரம்பித்து ஓடுபாதைக்குக் காத்திருப்பது, மேலே ஏறுவது, அந்தப் பக்கம் வேகம் குறைத்து வளைந்து இறங்குவது எதுவும் அதில் சேராது. டிக்கெட் நேரம் விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்கும்வரை.

காற்றும் ஒரு காரணம். ஜூலை, ஆகஸ்டில் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே பலமாகக் காற்று ஓடும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது தள்ளிவிடும். ஜனவரியில் அந்தத் தொல்லை இல்லை.

நான் கப்பலில் வேலை பார்த்தவன். நம்ம துறைமுகத்திலிருந்து அதே ஊருக்குக் கடலில் ஏறக்குறைய 3 நாள் ஆகும். அதைப் பார்த்தால் இந்த அரை மணி நேரம் ஒன்றுமில்லைதான். ஆனால் வலிக்கிற முட்டிக்கு அது பெரிய நேரம். முன்கூட்டியே ஏறி உட்காருவதையும் சேர்த்து 3 மணி நேரம் என்றே அம்மாவின் மனதைத் தயார் செய்துவிடு. நடைவழி ஓரத்து இருக்கையாகப் பிடி. பெல்ட் விளக்கு அணைந்ததும் எழுந்து நாலு அடி நடக்கலாம். சக்கர நாற்காலி வேண்டுமென்று விமான நிறுவனத்திடம் இப்போதே சொல்லி வை. உட்காருவதைவிட விமான நிலையத்துக்குள் நடப்பதுதான் அம்மாவை அதிகம் களைப்பாக்கும்.

தங்கசாலை_வாசி:
மெட்ரோ முதல் ரயிலே காலை 5 மணிக்குத்தான். விமான நிலையம் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் விமானம் கிளம்பிவிடும். கால் டாக்சி பிடித்து 3 மணிக்குள் புறப்படுங்கள். எண்ணூர் விரைவுச் சாலை வேண்டவே வேண்டாம், ராத்திரியில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வந்து தங்கசாலை, சென்ட்ரல், அண்ணா சாலை வழியாகப் போங்கள். திரும்பி வரும்போது மெட்ரோ அருமை. தேரடி வரை ரயில் மாற வேண்டியதில்லை.

தேரடி_மகள்:
ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். அங்கே மாலை 5 மணி தாண்டினாலே இருட்டு என்கிறான் தம்பி. கடிகாரம் மாற்ற வேண்டுமா? அம்மா மாத்திரையை நேரம் பார்த்துப் போடுபவர்.

ராயபுரம்_மாலுமி:
மாற்ற வேண்டாம்மா, அங்கேயும் நம்ம மணிதான். ஊர் கிழக்கே தள்ளி இருப்பதால் சூரியன் சென்னையைவிட 50 நிமிடம் போல முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான். இருட்டிவிட்டதே என்று அம்மா ராத்திரி மாத்திரையை முன்னாலேயே போட்டுவிடாமல் பார்த்துக்கொள். அப்புறம், ஊர்ப் பெயரை 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். பலகையில் அந்தப் பெயர் இருந்தால் பயப்படாதே.