ஈறு பாக்டீரியா கூட மல்லுக்கட்டுனவங்க அனுபவம் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். பிஎச்டில எனக்கு வந்து மாட்டுனது போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்ங்கற பாக்டீரியா. ஆக்சிஜன் ஆகவே ஆகாது, ரத்தம் கலந்த அகார்ல (பாக்டீரியா வளக்கற ஜெல்லி) ஒரு வாரம் கிட்ட வச்சாதான் காலனி கருப்பாகும், ரத்தத்துல இருக்க ஹீம்ங்கற இரும்பு கலந்த பொருள தன் மேல பூசிக்கிட்டு உக்காந்திருக்கும், மூடிய தொறந்தா வர்ற நாத்தத்துல லேப்ல பாதி பேர் டீ குடிக்க கெளம்பிடுவாங்க. இத மேக்ரோஃபேஜ்ங்கற கிருமி திங்கற செல் மேல விட்டு, சில மணி நேரம் கழிச்சு ஆர்என்ஏ (புரோட்டீன் செய்யச் சொல்லி ஜீன் அனுப்புற நகல்) எடுத்து, அது எவ்வளவுன்னு அளக்கற க்யூபிசிஆர் ஓட்டுனா, ஐஎல்-6, ஐஎல்-8ங்கற சைட்டோகைன் (செல்லுங்க சேதி சொல்ல அனுப்புற புரோட்டீன்) ஜீன் ரெண்டும் செம ஏத்தம். செல்லோட சென்சாரான டிஎல்ஆர்2 மோப்பம் புடிக்குது, என்எஃப் கப்பா பிங்கற புரோட்டீன் நியூக்ளியஸுக்குள்ள போய் ஜீன ஆன் பண்ணுது, அதுவரைக்கும் புக்ல உள்ளபடிதான். ஆனா அதே தட்டுல இருந்த மீடியாவ (செல் வளர்ற திரவம்), புரோட்டீன் இருந்தா கலர் காட்டுற எலைசா டெஸ்ட் பண்ணா கலரே வரல! கைடு கிட் மேல சந்தேகப்பட்டு புதுசு வாங்க சொன்னாரு, அதுலயும் அதே கத. சூடு காட்டி கொன்ன பாக்டீரியாவ போட்டப்பதான் புரோட்டீன் தெரிஞ்சுது. உயிரோட இருக்கறது ஜிஞ்சிபெய்ன்னு ஒரு என்சைம விட்டு, செல் அனுப்புற சைட்டோகைன வெளிய வந்ததுமே வெட்டிப்போடுது, தபால்காரன வழியிலயே மடக்குற மாதிரி. ஆர்என்ஏ மட்டும் பாத்துட்டு பேப்பர் எழுதுறவங்கள கண்டா அதுலருந்து எனக்கு கடுப்பு.

ப்ரோ நான் பெரியோ (ஈறு நோய் பிரிவு) பிஜி ஸ்டூடன்ட். எங்க ஓபிக்கு ஒரு சின்ன பொண்ணு வந்துச்சு, பால் பல்லு எல்லாம் ஆடுது, ஈறு வீங்கி செவப்பா இருக்கு, பாக்டீரியாதான்னு எல்லாரும் பல்ல சுத்தம் பண்ற ஸ்கேலிங் பத்தியே பேசிட்டு இருந்தோம், எங்க மேடம் மட்டும் வாயவே பாக்காம கைய காட்டு பாப்பானாங்க. உள்ளங்கை தோல் தடிச்சு வெடிச்சு கெடந்துச்சு, அம்மா பல மாசமா அதுக்கு தனியா களிம்பு தடவிட்டு இருந்திருக்காங்க. பாப்பிலான் லெஃபெவர் சிண்ட்ரோம், சிடிஎஸ்சி ஜீன் கோளாறுதான் காரணம்னு 1999ல கண்டுபுடிச்சாங்க. அந்த ஜீன் தர்ற கெத்தெப்சின் சி என்சைம் இல்லன்னா, நியூட்ரோஃபில்ல (கிருமிய எதிர்க்கற வெள்ளணு) எலாஸ்டேஸ் மாதிரி என்சைம் எதுவும் ரெடி ஆகாது. அப்பாவும் அம்மாவும் சொந்தத்துல கட்டுனவங்க.

எனக்கு சுகர் இருக்கு, ஈறுல ரத்தம் வருது, வீட்ல பாதி பேருக்கு பல்லு போச்சு. அப்போ ஜீன் டெஸ்ட் எடுத்து பாத்துடலாமா சார்?

வேணாம் சார். 1997ல ஐஎல்-1ங்கற இன்னொரு சைட்டோகைன் ஜீன் மாறுபாட்டுக்கும் மோசமான ஈறு நோய்க்கும் தொடர்புன்னு ஒரு பேப்பர் வந்துச்சு, அத வச்சு டெஸ்டும் வித்தாங்க, பின்னாடி வந்த ஆய்வுங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. அந்த காசுக்கு ஈறுக்கு அடியில டீப் க்ளீனிங் பண்ணிக்கோங்க, மூணு மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி (சராசரி சுகர் அளவு காட்டுற டெஸ்ட்) எடுத்து பாருங்க, நெறைய பேருக்கு கொஞ்சம் எறங்குது. சிகரெட் உண்டா?

உண்டு சார்...

அப்போ மொதல்ல அத விடுங்க, ஜீன அப்புறம் பாப்போம்.